ஒட்டும் மேசையிலிருந்து ஒரு பார்வை

பெரிய அளவுப் புகைப்படங்களைக் கண்ணாடிபோலத் தெளிவான அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டோடு ஒட்டுவது என் வேலை. ஜெர்மனியில் டுசல்டார்ஃபுக்குப் பக்கத்தில் ஒரு லேப். அச்சிட்ட தாளின் முகப்பு தகட்டைப் பார்த்திருக்க வேண்டும். இடையில் சிலிக்கோன் பசை, மேலும் கீழும் உருளைகள். ஒட்டிவிட்டால் பிரிக்க வழியே இல்லை. நடுவில் ஒரு தூசி சிக்கினாலும் முழுப் படமும் வீண். அதனால் இங்கே பாதி நேரம் துடைப்பதிலேயே போகும்.

இந்த ஊரில் இந்தத் தொழிலைச் செய்பவர்கள் பேச்சில் புகைப்படக் கலைஞர் ஆந்திரேயாஸ் குர்ஸ்கியின் பெயர் அடிக்கடி வரும். அருங்காட்சியகச் சுவரை ஓவியம்போல நிறைக்கும் வண்ணப் புகைப்படம் என்பதை உலகம் ஏற்றுக்கொண்டதில் அவருக்கும் தாமஸ் ரூஃப், தாமஸ் ஸ்ட்ரூத் ஆகியோருக்கும் பெரும் பங்கு உண்டு. மூவரும் டுசல்டார்ஃப் கலைக் கல்லூரியில் பெர்ன்ட் பெஹர், ஹில்லா பெஹர் தம்பதியிடம் படித்தவர்கள். நீர்த்தொட்டிகளையும் உலைகளையும் மேகமூட்டமான வெளிச்சத்தில், கறுப்பு வெள்ளையில், ஒரே மாதிரி எடுத்து வரிசைப்படுத்தியவர்கள் அந்த ஆசிரியர்கள். குர்ஸ்கியைப் பற்றிய கட்டுரைகள் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

எனக்கு அதற்கு முந்தைய கதை முக்கியமாகப் படுகிறது. 1955இல் லைப்சிக்கில் பிறந்தவர் அவர். குழந்தையாக இருக்கும்போதே குடும்பம் மேற்கு ஜெர்மனிக்கு வந்துவிட்டது. தாத்தாவும் புகைப்படக்காரர், அப்பாவும் புகைப்படக்காரர். அப்பா டுசல்டார்ஃபில் விளம்பரப் படங்கள் எடுத்தார். வாடிக்கையாளருக்காகப் பொருளைத் துடைத்து, வெளிச்சத்தைத் திருத்தி, வேண்டாததை அகற்றும் தொழில் அது. எஸ்ஸனில் படித்து, பின்பு 1981இல் பெஹர்களிடம் போய்ச் சேர்ந்தபோது, இந்த வீட்டுப் பழக்கமும் அவரோடுதான் போயிருக்கும் என்று நம்புகிறேன்.

1984இல் சுவிட்சர்லாந்தின் கிளாவ்சன் கணவாயில் அவர் ஒரு மலைக்காட்சியை எடுத்தார். விடுமுறையில் எடுத்த படம். பிற்பாடு பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் சரிவெங்கும் சின்னஞ்சிறு மனிதர்கள் நடந்துபோவது அவர் கண்ணில் பட்டது. லேப் வேலை தெரிந்தவர்களுக்கு இது உடனே புரியும். மலையில் நிற்பவர் பார்க்காததை அச்சு மேசையில் குனிந்திருப்பவர் பார்க்கிறார். அதன் பிறகு பிரம்மாண்டமான இடமும் அதில் எறும்பளவு மனிதர்களும் அவருடைய கையெழுத்தாகவே ஆகிவிட்டன. ரூர் பள்ளத்தாக்கில் வானளாவிய பாலத்தின் அடியில் ஒருவர் மட்டும் நிற்கும் 1989ஆம் ஆண்டுப் படத்தை நான் எத்தனை முறை பார்த்தாலும் அலுப்பதில்லை.

பிறகு 1999இல் ரைன் ஆற்றை எடுத்த 'ரைன் 2'. பச்சைப் பட்டை, சாம்பல் நிற ஆறு, மீண்டும் பச்சை, மேலே வெளிறிய வானம். அகலம் ஏறத்தாழ மூன்றரை மீட்டர். மறுகரையில் இருந்த மின்நிலையத்தையும் கரையில் நடந்தவர்களையும் கணினியில் நீக்கிவிட்டார். 2011 நவம்பரில் நியூயார்க் ஏலத்தில் 43 லட்சம் டாலருக்கு மேல் போனது. அன்றைக்கு ஏலத்தில் ஒரு புகைப்படம் பெற்ற மிக உயர்ந்த விலை அதுதான். விலையைப் பற்றிப் பேச எனக்கு விருப்பமில்லை. "இருந்த கட்டடத்தை அழித்தது பொய் இல்லையா?" என்று லேப்பைச் சுற்றிப் பார்க்க வருபவர்கள் கேட்கும்போதுதான் எனக்குப் பேசத் தோன்றும்.

செய்திப் படத்தில் அப்படிச் செய்திருந்தால் நானும் கண்டிப்பேன். இது செய்தி இல்லை. அவர் அழித்ததை மறைக்கவும் இல்லை. பெஹர்களிடம் கற்ற நேரான, அலங்காரமற்ற பார்வையும், அப்பாவின் ஸ்டூடியோவில் பார்த்த துடைத்தெடுக்கும் கைவேலையும் அந்த ஒரே படத்தில் சேர்ந்திருக்கின்றன. கலை வரலாற்றில் முதலாவதுக்குக் கிடைக்கும் மரியாதை இரண்டாவதுக்குக் கிடைப்பதில்லை. கையால் வேலை செய்கிறவள் என்பதால் இது எனக்கு வலிக்கிறது.

2018இல் ரைன் வற்றிய கோடையில் அவர் அதே ஆற்றங்கரைக் காட்சியை மறுபடி எடுத்தார். அதே பட்டைகள்தான், ஆனால் புல் காய்ந்துவிட்டது, நீர் இறங்கிவிட்டது. பழைய படத்தில் எதுவும் கலையாத ஓர் ஆற்றை அவர் முன்பே செய்து வைத்திருந்ததால்தான், புதிய படத்தில் வறட்சி எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்பது நமக்கு அப்படியே தெரிகிறது.