ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான்

ஜூனியராகச் சேர்ந்த இரண்டாம் வருடம் சீனியர் என்னை எழுதச் சொன்ன பிராது, கிருஷ்ணகிரி பக்கத்து மாந்தோப்பு ஒன்றின் வழித் தகராறு. தார் ரோட்டிலிருந்து தோப்புக்குப் போக, கட்சிக்காரருடைய பெரியப்பா மகன் நிலத்தைத் தாண்டியாக வேண்டும். இருவருக்கும் ஏதோ மனத்தாங்கல். பெங்களூரா காய் அறுப்புக்கு வந்த நேரம் பார்த்து, அண்ணன் ஜேசிபி வைத்துத் தடத்தின் குறுக்கே குழி வெட்டிவிட்டார். மாங்கூழ் ஃபேக்டரிக்குப் போக வேண்டிய காயெல்லாம் தலைச்சுமையாக ரோட்டுக்கு வந்தது.

1882-ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டம், பிரிவு 15. பகிரங்கமாக, தகராறு இல்லாமல், உரிமையோடு, இடைவிடாமல் 20 ஆண்டு பயன்படுத்தினால் வழிப்பாத்தியம் உண்டு. இவர்களோ நாற்பது வருடமாகப் போகிறார்கள். அப்புறம் என்ன? ஒரே ராத்திரியில் பிராது தயார்.

சீனியர் படித்துவிட்டு ஒன்றுதான் கேட்டார்: “ரெண்டு நிலமும் முன்னாடி யாருதுப்பா?”

நான் விசாரித்திருக்கவில்லை. பத்திரத்தை வரவழைத்துப் பார்த்தால், தாத்தா காலத்தில் இரண்டும் ஒரே நிலம். அப்பாக்கள் பாகம் பிரித்திருக்கிறார்கள். சீனியர் ‘மாற்றாக’ (முதல் வாதம் நிற்காவிட்டால் இது) என்று தொடங்கி ஒரு பத்தியைத் தன் கையாலேயே எழுதிச் சேர்த்தார். கூட்டுச் சொத்தைப் பிரிக்கும்போது, ஒருவர் பங்கை அனுபவிக்க மற்றவர் பங்கு வழியாகப் போயே தீர வேண்டுமென்றால் அதற்கு உரிமை தரும் பிரிவு 13. எனக்கு அது வேண்டாத ஒட்டாகவே பட்டது.

கோர்ட் நியமித்த ஆணையர் சர்வேயரோடு வந்தார். புலப்படத்தில் வண்டித்தடம் கிடையாது. தரையில் டயர் பதிந்த இரண்டு பள்ளங்கள் இருந்தன. தடத்தின் மேல் நீண்ட மாங்கிளைகள் எல்லாம் லாரி உயரத்துக்கு ஒரே மட்டமாக அறுக்கப்பட்டு, வெட்டுவாய் காய்ந்து கறுத்திருந்தது. அதையும் குறித்துக்கொண்டார். ஒரு பக்கம் ஓடை, இரண்டு பக்கம் அடுத்தவர் பட்டா, வேறு வழி இல்லை என்பதையும் எழுதினார்.

பிறகு கட்சிக்காரரைக் குறுக்கு விசாரணை. எதிர்த்தரப்பு வக்கீல் குரலே உயர்த்தவில்லை.

“வண்டி விடும்போது அண்ணன்கிட்ட சொல்லுவீங்களா?”

“சொல்லாம எப்படிங்க? ஒரு வார்த்தை கேட்டுட்டுத்தான் போவோம். அவங்க நிலமாச்சே.”

வேறு கேள்வி இல்லை என்று உட்கார்ந்துவிட்டார். அனுமதி கேட்டுப் போனது சலுகை. எத்தனை வருடம் போனாலும் அது உரிமையாக முதிராது. ஊரில் மரியாதை என்று பழகியதைச் சட்டம் இப்படித்தான் படிக்கும். என் பிரிவு 15 கூண்டிலேயே முடிந்தது. வராந்தாவில் கட்சிக்காரரிடம் கொஞ்சம் கோபமாகவே பேசிவிட்டேன். “உள்ளதத்தானே சார் சொன்னேன்” என்றார். எத்தனை வருடமாகப் போகிறீர்கள் என்று பத்து முறை கேட்டிருப்பேன். எப்படிப் போகிறீர்கள் என்று ஒரு முறையும் கேட்கவில்லை.

தீர்ப்பில் என் பத்திகள் தள்ளுபடி, சீனியரின் பத்தி நின்றது. ஆனால் நியாயமான வசதி இருந்தால் வழி எந்தப் பக்கம் என்று காட்டுவது நிலத்துக்காரர் பாத்தியதை. அது பிரிவு 14. அண்ணன் தடத்தை மேற்கு வரப்போரம் ஒதுக்கிக் கொடுத்தார். டிராக்டர் தாராளமாகப் போகும், மூலையில் லாரி மட்டும் திரும்பாது.

அடுத்த சீசனில் கட்சிக்காரர் ஒரு கூடை பழத்தோடு ஆபீஸுக்கு வந்தார். லாரி பழைய தடத்திலேயே போய் வருகிறதாம். எப்படி என்று நான் கேட்கவில்லை.