கசிந்தால் கசியட்டும்

எங்கள் டீமுக்குப் புதிதாக வருகிறவர்களிடம் லினக்ஸின் மையமான கெர்னலில் முதலில் படிக்கச் சொல்வது ஷெட்யூலரையும் இல்லை, மெமரி அலகேட்டரையும் இல்லை. இன்க்ளூட் டைரக்டரிக்குள் கிடக்கும் ரெஃப்கவுன்ட்.எச் என்ற சின்ன ஃபைலைத்தான். அதிலும் கோட் அப்புறம் இருக்கட்டும், மேலே இருக்கும் நீளமான கமென்ட்டை மட்டும் படித்துவிட்டு வா என்பேன். ஒரு ரேஸ் கண்டிஷன், அதாவது இருவர் ஒரே சமயத்தில் புகுந்தால் விடை தப்பக்கூடிய இடம், இருப்பது தெரிந்தே அதை விட்டுவைத்து, ஏன் அதனால் ஆபத்து வராது என்று கணக்குப் போட்டுக் காட்டும் கமென்ட் அது. இவ்வளவு நேர்மையாக எழுதிய கமென்ட்டை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஒரு ஆப்ஜெக்ட்டைப் பல பேர் ஒரே சமயத்தில் வைத்திருந்தால், இப்போது எத்தனை பேர் வைத்திருக்கிறார்கள் என்ற எண் அதற்குள்ளேயே இருக்கும், அதுதான் ரெஃபரன்ஸ் கவுன்ட். எடுப்பவர் கெட் போட வேண்டும், எண் ஒன்று கூடும். வேலை முடிந்தவர் புட் போட வேண்டும், ஒன்று குறையும். பூஜ்யம் ஆனதும் மெமரியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். கல்யாண மண்டபத்தில் கடைசியாகக் கிளம்புகிற குடும்பம் சாவியை ஒப்படைப்பது போலத்தான். சி மொழியில் இதையெல்லாம் பார்த்துக்கொள்ள ஆள் கிடையாது. ஒவ்வொரு கெட்டும் ஒவ்வொரு புட்டும் யாரோ ஒருவர் கையால் எழுதியது. நடுவில் எரர் வந்து ஃபங்ஷனிலிருந்து பாதியில் வெளியேறும் இடங்களில்தான் பெரும்பாலும் விட்டுப்போகும்.

புட் விட்டுப்போனால் என்ன, கொஞ்சம் மெமரி வீணாகும், அவ்வளவுதானே என்றுதான் வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். 2016 ஜனவரியில் வெளிவந்த சிவிஇ-2016-0728 என்ற எண்ணுள்ள பாதுகாப்பு ஓட்டை அந்த நினைப்பைக் கெடுத்தது. பெர்செப்ஷன் பாயின்ட் என்ற நிறுவனம் கண்டுபிடித்தது. ரகசியச் சாவிகளைக் கொத்தாக வைத்திருக்கும் கெர்னலின் கீரிங் பகுதியில், பெயர் சொல்லி ஒரு செஷன் கீரிங்கில் சேர்ந்துகொள்ள ஒரு சிஸ்டம் கால் (ப்ரோகிராம் கெர்னலிடம் வேலை கேட்கும் வழி) உண்டு. கேட்ட கீரிங்கைத் தேடி எடுக்கும்போது அதன் கவுன்ட் ஒன்று கூடும். ஏற்கெனவே நீங்கள் இருப்பதும் அதே கீரிங்தான் என்றால் செய்ய வேலை ஒன்றுமில்லை, சரி என்று சொல்லித் திரும்பிவிடும். கூட்டிய ஒன்றைக் கழிக்காமலே திரும்பிவிடும்! 2012-இல் எழுதிய கோட்.

கவுன்டர் 32 பிட். ஒரே காலைத் திரும்பத் திரும்ப 429 கோடி தடவை கூப்பிட்டால் எண் சுற்றி வந்து பூஜ்யத்தைத் தொடும். உடனே கெர்னல், யாரிடமும் இல்லை என்று நம்பி மெமரியை விடுவித்துவிடும். கூப்பிட்ட ப்ராசஸின் கையிலோ இன்னும் பாயின்டர் இருக்கிறது. அந்த இடத்தில் தனக்கு வேண்டியதைக் கொண்டுவந்து வைத்தால் மெஷினின் முழு அதிகாரமும் உள்ள ரூட் ஆகிவிடலாம். ஒரு கோர் ஐ7-5500 மடிக்கணினியில் இந்தச் சுற்றுக்கு அரை மணி நேரம் ஆனதாக அவர்களே எழுதியிருந்தார்கள். சரிசெய்ய வேண்டியிருந்தது ஒரே ஒரு புட்.

கெர்னலுக்கு வெளியே வளர்ந்த பேக்ஸ் என்ற பாதுகாப்புப் பேட்ச் வைத்திருந்தவர்களுக்கு இந்த வகைத் தாக்குதல் புதிதில்லை. பல கோர்கள் ஒரே சமயத்தில் தொட்டாலும் குழம்பாத அட்டாமிக்_டி என்ற பொதுவான எண் வகை முழுவதுக்கும் ஓவர்ஃப்ளோ (எண் வரம்பைத் தாண்டிச் சுற்றுவது) சோதனை போட்டு, சோதனை வேண்டாத இடங்களுக்கு மட்டும் தனி வகை கொடுத்திருந்தார்கள். அதையே கெர்னலின் மூலக் கோடுக்குள் கொண்டுவர எலெனா ரெஷெடோவா, ஹான்ஸ் லில்யெஸ்ட்ராண்ட், டேவிட் வின்ட்சர் மூவரும் 2016-இல் முயன்றார்கள். கீஸ் குக் நடத்தும் கெர்னல் தற்காப்புத் திட்டத்தின் கீழ் நடந்த வேலை அது. கெர்னல் டெவலப்பர் பீட்டர் ஜில்ஸ்ட்ரா ஒத்துக்கொள்ளவில்லை. அட்டாமிக்_டி எத்தனையோ காரியத்துக்குப் பயன்படுகிறது, புள்ளிவிவரம் எண்ணுகிறவர்களுக்கு எண் சுற்றி வருவதே சரியான நடத்தை, ரெஃபரன்ஸ் எண்ணுவதற்கென்றே ஒரு வகை வேண்டும் என்பது அவர் கட்சி. அப்படிப் பிறந்ததுதான் ரெஃப்கவுன்ட்_டி. 2017-இல் கெர்னல் 4.11-இல் வந்தது.

நான் ஜில்ஸ்ட்ரா பக்கம். பேக்ஸ் வழியில் போயிருந்தால் எல்லா இடத்துக்கும் ஒரே நாளில் பாதுகாப்பு வந்திருக்கும், மறுக்கவில்லை. ஆனால் தனி வகை கொடுத்ததால் கிடைத்த லாபம், செய்ய முடியாத காரியங்கள்தான். ரெஃப்கவுன்ட்_டி-யில் எண்ணைக் கூட்டி, கூட்டிய விடையைத் திருப்பித் தா என்று கேட்க வழியே கிடையாது. பூஜ்யத்திலிருந்து ஒன்றுக்கு ஏற்ற முடியாது, ஏற்றினால் வார்னிங். வெறுமனே குறைக்கும் ஃபங்ஷனைக் கூப்பிட்டு எண் பூஜ்யமாகிவிட்டால் அதற்கும் வார்னிங், ஏனென்றால் கடைசி ஆள் நீதான் என்பதைக் கவனிக்காமல் நடந்துபோகிறாய் என்று அர்த்தம். பழைய டிரைவர்களை இந்த வகைக்கு மாற்றினபோது, ஓவர்ஃப்ளோவுக்குச் சம்பந்தமே இல்லாத பழைய பிழைகள் பல இந்த விதிகளால் மாட்டின.

முதல் வடிவம் மெதுவாக இருந்தது. எண்ணைப் படி, சோதி, மாறாமல் இருந்தால் புதிய எண்ணை எழுது, மாறியிருந்தால் மறுபடி முதலிலிருந்து என்ற சுற்று. பல கோர்கள் ஒரே எண்ணுக்கு முட்டிக்கொள்ளும்போது இது வலிக்கும். ஒரு பாக்கெட்டுக்குப் பல கெட்-புட் போடும் நெட்வொர்க்கிங் ஆட்கள் முகம் சுளித்தார்கள், நியாயம்தான். 4.14-இல் இன்டெல், ஏஎம்டி ப்ராசஸர்களின் எக்ஸ்86-க்கு மட்டும் அசெம்பிளியில் ஒரு வேகமான வடிவம் வந்தது. அது பூஜ்யத்திலிருந்து ஏற்றுவதைப் பிடிக்காது. 5.5-இல் வில் டீகன் என்ற டெவலப்பர் இரண்டையும் தூக்கிவிட்டு எல்லா ப்ராசஸருக்கும் ஒரே வடிவமாகத் திருத்தி எழுதினார். நான் படிக்கச் சொல்லும் கமென்ட் அங்கிருந்து வருகிறது.

அவருடைய யோசனை இது. முன்கூட்டியே சோதிக்க வேண்டாம், முதலில் கூட்டிவிடு. கூட்டுவதற்கு முன் என்ன எண் இருந்தது என்பதை அந்த அட்டாமிக் இன்ஸ்ட்ரக்‌ஷனே சொல்லிவிடும், அதைப் பார். பூஜ்யமாக இருந்ததா, எதிர்ம எண்ணாக இருந்ததா, கூட்டியதால் எதிர்மத்துக்குப் போய்விட்டதா, மூன்றில் எதுவானாலும் எண்ணைக் கொண்டுபோய் எதிர்மப் பகுதியின் நட்ட நடுவில், மைனஸ் 107 கோடிச் சொச்சத்தில் வைத்துவிடு. இதற்குப் பெயர் சாச்சுரேஷன். அங்கே போன எண் திரும்பி வராது. அந்த ஆப்ஜெக்ட் இனி ஒருநாளும் விடுவிக்கப்படாது, மெஷின் ரீபூட் ஆகும்வரை அந்த மெமரி போனது போனதுதான்.

ரேஸ் எங்கே என்றால், கூட்டுவதற்கும் நடுவில் கொண்டுபோய் வைப்பதற்கும் இடையில் இன்னொரு கோர் புகுந்து தானும் கூட்டலாம். அப்புறம் இன்னொன்று, இன்னொன்று. எல்லாருமாகத் தள்ளித் தள்ளி எண்ணைப் பூஜ்யத்துக்கே கொண்டுவந்துவிட்டால்? இங்கேதான் கமென்ட் கணக்குப் போடுகிறது. லினக்ஸில் ஒரே சமயத்தில் இருக்கக்கூடிய டாஸ்க்குகளின் உச்ச வரம்பு 41,94,304. நடுவிலிருந்து பூஜ்யத்துக்குத் தூரம் 107 கோடி. நான் வகுத்துப் பார்த்தேன், சரியாக 256 வரும். அதாவது, உச்ச வரம்பு வரைக்கும் டாஸ்க் உண்டாக்கி, அத்தனையும் அந்த ஒன்றிரண்டு இன்ஸ்ட்ரக்‌ஷன் இடைவெளியில் நிற்க, அவை ஒவ்வொன்றும் 256 தடவை கூட்டியிருக்க வேண்டும். ஆகவே லாக்கும் வேண்டாம், சுற்றும் வேண்டாம். எண்ணை ஓரத்தில் வைக்காமல் நடுவில் வைத்ததால் வந்த நிம்மதி.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. ஒரு ஃபைலைப் பற்றிக் கெர்னல் வைத்திருக்கும் பதிவான ஐநோடின் கவுன்ட்டில் பூஜ்யம் என்றால் செத்துப்போனது என்று அர்த்தமில்லை, கேஷில் சும்மா இருக்கிறது, மறுபடி யாராவது கேட்டால் ஒன்று ஆகும். மெமரி பேஜின் கவுன்ட்டும் இன்னும் சாதா அட்டாமிக்தான். அதையும் சுற்றவைக்கலாம் என்று 2019-இல் பாதுகாப்பு ஆய்வாளர் ஜான் ஹார்ன் காட்டினார், சுமார் 140 ஜிபி ராம் இருந்தால். அதற்கு வேறு விதமான தடுப்புப் போட்டார்கள்.

போன மாதம் எங்கள் டீமில் ஒரு தம்பி லாகிலிருந்து ஒரு வரியை அனுப்பியிருந்தான். ரெஃப்கவுன்ட் அண்டர்ஃப்ளோ, யூஸ்-ஆஃப்டர்-ஃப்ரீ என்று சொல்லும் வார்னிங், அதாவது எண் பூஜ்யத்துக்கும் கீழே போய்விட்டது, விடுவித்த மெமரியை யாரோ தொடுகிறார்கள். "அக்கா, வார்னிங்தானே, சிஸ்டம் ஓடிட்டுத்தான் இருக்கு, ரிலீஸுக்கு அப்புறம் பார்த்துக்கலாமா?" என்று கேட்டான். கூடாது. ஓவர்ஃப்ளோ வார்னிங் வந்தால் கெர்னல் உன்னைக் காப்பாற்றிவிட்டது என்று பொருள். அண்டர்ஃப்ளோ வார்னிங் வந்தால் காப்பாற்ற நேரமே இல்லாமல் போய்விட்டது. யாரோ ஒருவர் தன் பங்குக்கு இரண்டு புட் போட்டிருக்கிறார். எண் பூஜ்யமாகி மெமரி விடுபட்டுவிட்டது. அதன்பிறகு, ஒழுங்காக ஒரே ஒரு புட் போட வந்த அப்பாவியின் மேல் வார்னிங் விழுகிறது. ஸ்டாக் ட்ரேஸில் (எந்த ஃபங்ஷன் எதைக் கூப்பிட்டது என்ற பட்டியலில்) தெரிகிற ஃபங்ஷனை நாள் முழுக்க முறைத்தாலும் பிழை கிடைக்காது, அது அங்கே இல்லை. மெமரிப் பிழைகளைப் பிடிக்கும் கேசன் போட்ட கெர்னலில் மறுபடி ஓட்டினால் மெமரியை முதலில் விடுவித்தது யார் என்ற ட்ரேஸும் கிடைக்கும். தம்பி அப்படித்தான் பிடித்தான். டிவைஸைத் தொடங்கிவைக்கும் ப்ரோப் தோற்கும் பாதையில் ஒரு புட், அதைக் கழற்றிவிடும் ரிமூவ் ஃபங்ஷனில் அதே புட் மறுபடியும்.

இதில்தான் ரெஃப்கவுன்ட்_டி-யின் எல்லை தெரிகிறது. அதற்கு எண் மட்டும்தான் தெரியும், ஆள் தெரியாது.

ஆளை மறக்கவைக்கிற ஏபிஐக்கள் வேறு. எனக்குத் தீராத கோபம் பிஎம்_ரன்டைம்_கெட்_சிங்க் மேல். டிவைஸை எழுப்பு என்று கேட்கும் ஃபங்ஷன். எழுப்ப முடியாமல் எரர் திருப்பினாலும் கவுன்ட்டைக் கூட்டிவிட்டுத்தான் திரும்பும். உலகத்தில் எந்த மனிதனும் தோற்றுப்போன கெட்டுக்குப் புட் போட வேண்டும் என்று யூகிக்க மாட்டான். ஏராளமான டிரைவர்களில் லீக். 5.10-இல், தோற்றால் தானே கழித்துக்கொள்ளும் ரிஸ்யூம்_அண்ட்_கெட் வந்தது. இன்றைக்கும் ரிவ்யூவுக்கு வரும் வெண்டர் கோடில் பழையதைத்தான் பார்க்கிறேன். போர்டில் என்னென்ன டிவைஸ் உண்டு என்று சொல்லும் டிவைஸ் ட்ரீயைச் சுற்றும் கோட் இன்னொன்று. சைல்ட் நோடுகளை வரிசையாகச் சுற்றும் மேக்ரோ, அடுத்த நோடுக்குப் போகும்போது முந்தையதற்குத் தானே புட் போட்டுவிடும். நடுவில் பிரேக் போட்டு வெளியே வந்தால் மட்டும் நீங்கள்தான் போட வேண்டும். மேக்ரோவின் வயிற்றுக்குள் இருக்கும் கெட்டை யார் நினைவு வைத்துக்கொள்வது?

2023-இல் 6.5-இல் ஜில்ஸ்ட்ரா கொண்டுவந்த க்ளீனப்.எச் இந்த இடத்தில் உண்மையான உதவி. வேரியபிளை அறிவிக்கும்போதே, ஸ்கோப் முடிந்தால் இதற்குப் புட் போடு என்று சொல்லிவிடலாம், எந்த வழியாக வெளியேறினாலும் கம்பைலர் போட்டுவிடும். டிவைஸ் ட்ரீ சுற்றுக்கும் 2024-இல் அப்படி ஒரு வடிவம் வந்துவிட்டது. எரர் வந்தால் கடைசிக்குத் தாவும் பழைய கோட்டோவும் இதுவும் ஒரே ஃபங்ஷனில் கலந்தால் தலைவலி, அதனால் எங்கள் டீமில் ஒரு ஃபங்ஷனுக்கு ஏதாவது ஒன்றுதான் என்று வைத்திருக்கிறோம்.

லீக்கைத் தேடுவதற்கு என் ஓட்டு எரிக் டூமாஸெட் எழுதிய ரெஃப் ட்ராக்கருக்கு. 5.17-இல் வந்தது. கன்டெய்னர் ஓட்டுகிறவர்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள், நெட்வொர்க் டிவைஸ் விடுபடக் காத்திருக்கிறது, யூசேஜ் கவுன்ட் 1 என்று பத்து விநாடிக்கு ஒருமுறை லாகில் வந்து விழும் செய்தி. அந்த ஒன்று யார்? முன்பெல்லாம் சொல்ல நாதியில்லை. ட்ராக்கர் போட்டால் ஒவ்வொரு கெட்டும் தன் ஸ்டாக் ட்ரேஸோடு பதிவாகும், புட் போடும்போது அதே பதிவைக் காட்ட வேண்டும். மிஞ்சி நிற்பவரின் ட்ரேஸ் அப்படியே லாகில் வரும். எங்கள் லேபில் இந்தச் செய்தியோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டிய ஒரு மெஷின் இருந்தது. ட்ராக்கர் கெர்னலைப் போட்ட அன்றே, கெர்னலுக்கு வெளியிலிருந்து வந்த ஒரு மாட்யூலின் எரர் பாதையில் கொண்டுபோய் நிறுத்தியது. ஓட்டத்தில் செலவு உண்டு, அதனால் டெஸ்ட் மெஷின்களில் மட்டும்.

ரஸ்ட்டில் எழுதினால் இதெல்லாம் வராதே என்று கேட்பவர்களுக்கு: கெர்னலின் ரஸ்ட்டில் ரெஃபரன்ஸ் எண்ணும் ஆர்க் என்ற வகையும் உள்ளே இதே ரெஃப்கவுன்ட்_டி-யைத்தான் வைத்திருக்கிறது. ரஸ்ட்டின் சொந்த நூலகத்து ஆர்க் ஓவர்ஃப்ளோ ஆனால் ப்ரோகிராமையே நிறுத்திவிடும், கெர்னலில் அப்படி முடியாது, இங்கேயும் கசியவிடுவதுதான். புட் போட மறக்கும் பேச்சு மட்டும் அங்கே இல்லை. எங்களுக்கு வரும் டிரைவர்கள் எல்லாம் சி, இன்னும் பல வருஷத்துக்கு சி-யாகத்தான் இருக்கும்.

அடுத்த வேலையாக எங்கள் பழைய கோட் முழுவதிலும், சி கோடில் மாதிரிகளைத் தேடும் காக்சினெல் என்ற கருவியை ஓட்டப்போகிறோம். அட்டாமிக்_டி-யைக் குறைத்துப் பார்த்து உடனே ஃப்ரீ செய்யும் இடங்களைத் தேடித்தரும் ஸ்கிரிப்ட் கெர்னலோடேயே வருகிறது. சோதனைக்கு ஒரு டைரக்டரியில் ஓட்டியதில் வந்தவற்றில் முக்கால்வாசி நேரடியாக மாற்றிவிடலாம். டிவைஸ்கள் நேரடியாக மெமரியைத் தொடும் டிஎம்ஏவுக்கான ஒரு பஃபர் பூல் மட்டும், எழுதினவர் கவுன்ட்டைப் பூஜ்யத்தில் தொடங்கி, முதல் ஆள் எடுக்கும்போது ஒன்றாக்குகிறார். அதைத் தொட வேண்டுமானால் ஓனர் யார் என்று முதலில் முடிவு செய்தாக வேண்டும். தம்பியிடம் கொடுத்திருக்கிறேன்.