வெல்லக்கட்டியும் நீர்க்கட்டியும்: வைத்தீஸ்வரன் கோயிலில் ஒரு காலை

ஸ்கேன் அறிக்கையில் இருந்தது இவ்வளவுதான். இடது சினைப்பையில் 46 மில்லிமீட்டர் அளவில் ஒரு நீர்க்கட்டி, உள்ளே தெளிந்த நீர், மெல்லிய சுவர், திடப்பகுதி எதுவும் இல்லை. மாதவிடாய் வரும் வயதில் இது சகஜம், பெரும்பாலும் இரண்டு மூன்று மாதங்களில் தானே வற்றிவிடும், எட்டு வாரம் கழித்து மறுபடி பார்ப்போம் என்றார் டாக்டர். எழுந்து கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: "திடீரென்று தாங்க முடியாத வலியும் வாந்தியும் வந்தால் உடனே வந்துவிடுங்கள். சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம்."

அந்தக் கடைசி வார்த்தைதான் என்னோடு வீட்டுக்கு வந்தது.

இரவு இரண்டு மணிக்குக் கைப்பேசியில் தேடுவேன். எங்கே தொடங்கினாலும் புற்றுநோயில் போய் முடியும். படுத்தபடியே இடது அடிவயிற்றை விரல்களால் அழுத்திப் பார்ப்பேன். அழுத்தினால் வலிக்கத்தான் செய்யும். வலித்ததே என்று மறுபடி அழுத்துவேன். விஷயம் தெரிந்த உறவினர்களோ, பி.சி.ஓ.டி. என்கிற ஹார்மோன் கோளாறுக்கும் இதற்கும் வேறுபாடு தெரியாமல், எடையைக் குறை, வெந்தயம் சாப்பிடு என்று ஆளுக்கொரு யோசனை சொன்னார்கள்.

அம்மா மட்டும் எதுவும் சொல்லவில்லை. என் சித்தி மார்பில் வந்த கட்டியை வெட்கப்பட்டு மறைத்து, காலம் கடந்து போய்ச் சேர்ந்தவர். அதன்பிறகு அந்தச் சொல்லையே அம்மா உச்சரித்ததில்லை. என்னுடையதையும் 'அது' என்றுதான் சொல்வார். ஐந்தாவது வாரம், "புள்ளிருக்குவேளூருக்குப் போய்விட்டு வருவோம்" என்றார். வைத்தீஸ்வரன் கோயிலின் பழைய பெயர் அது.

செவ்வாய்க்கிழமை செவ்வாய்க் கிரகமான அங்காரகனுக்காகக் கூட்டம் நெரியும் என்பதால் புதன்கிழமை போனோம். ஊருக்குள் எங்கு திரும்பினாலும் நாடி ஜோதிடப் பலகைகள். "இடது கட்டைவிரல் ரேகை கொடுங்கள் அம்மா, எல்லாம் ஓலையில் இருக்கும்" என்று ஒருவர் கூடவே நடந்து வந்தார். என் கால் நின்றுவிட்டது. இன்னும் மூன்று வாரம் காத்திருக்க வேண்டியதை இப்போதே யாராவது சொல்லிவிட்டால் என்ன என்று மனம் அப்படி ஏங்கியது. எதிர்காலம் தெரிந்தால் பயம் போய்விடும் என்று அந்த நிமிடம் முழுமையாக நம்பினேன். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தார்.

கோபுர வாசல் கடையில் உப்பு, மிளகு, வெல்லம் வாங்கினோம். சித்தாமிர்த தீர்த்தத்தில் வெல்லத்தைக் கரைப்பது இங்கே பிரார்த்தனை. உடம்பில் வந்த கட்டி வெல்லம்போல் கரையவேண்டும் என்று வேண்டிக்கொள்வார்கள். கடைசிப் படியில் உட்கார்ந்து வெல்லத்தை நீருக்குள் பிடித்தேன். சட்டென்று கரைந்துவிடும் என்று நினைத்திருந்தேன். அப்படிக் கரையவில்லை. முதலில் விளிம்புகள் வழுவழுப்பாயின. பிறகு பழுப்பு நூல் ஒன்று விரலிடுக்கிலிருந்து பிரிந்து நீரில் நெளிந்தது. கை மரத்துப்போகும்வரை பிடித்திருந்தும் உள்ளங்கையில் புளியங்கொட்டை அளவு மிச்சம் இருந்தது.

பக்கத்தில் அம்மா கண்களை மூடி, இங்குள்ள அம்பாளை வேண்டிக்கொண்டிருந்தார். "தையல்நாயகி, என் பெண்ணின் கட்டி கரையட்டும்" என்றார். கட்டி என்றே சொன்னார், வாய்விட்டு, அடுத்த படியில் இருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி. எனக்கு அழுகை வந்துவிட்டது. இத்தனை வாரமும் இருவரும் தனித்தனியே சுமந்துகொண்டிருந்தது ஒரே பயம் என்று அப்போதுதான் புரிந்தது.

உப்பையும் மிளகையும் செலுத்திவிட்டு உள்ளே போனோம். சுவாமி இங்கே மேற்கு நோக்கி இருக்கிறார். வைத்தியம் பார்க்க வந்த ஈசனோடு அம்பாள் தைலப் பாத்திரம் ஏந்தி உடன் வந்தாள் என்கிறது தலபுராணம். டாக்டரின் அறையில் தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு, அந்த 'உடன்' என்ற சொல் நெஞ்சில் தைத்தது. சந்நிதியில் அம்மா அப்பரின் திருத்தாண்டகத்தை முணுமுணுத்தார்: "மந்திரமும் தந்திரமும் மருந்துமாகித் தீராநோய் தீர்த்தருள வல்லான்." சிறுவயதிலிருந்து கேட்ட வரிதான். மருந்தும் அவனே என்று அப்பர் பாடியிருப்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது. கோயிலுக்கு வந்துவிட்டோமே, இனி ஸ்கேன் எதற்கு என்று யாராவது சொன்னால் என்னிடம் பதில் இருக்கிறது.

கோயிலில் மருந்துப் பிரசாதமாகத் தரும் திருச்சாந்துருண்டைப் பொட்டலத்தைப் பெற்று, பையிலிருந்த ஸ்கேன் கோப்புக்குள் வைத்தேன். அடுத்த ஸ்கேன் தேதியை அம்மா தன் சின்ன நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டார். "நானும் வருகிறேன்" என்றார்.

சீர்காழி பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். இறங்கும் இடம் வந்துவிட்டது என்று அம்மா தோளைத் தட்டியபோதுதான் தூங்கியிருக்கிறேன் என்று தெரிந்தது. இரண்டு கைகளும் மடியில் விரிந்து கிடந்தன. வலது உள்ளங்கையில் வெல்லப் பிசுபிசுப்பு இன்னும் போகவில்லை.