வினாப் பகுப்பாய்வு: முதல் முறை கையால் செய்து பாருங்கள்

ஒவ்வொரு வினாவும் எவ்வளவு கடினம், நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்ப்பதே வினாப் பகுப்பாய்வு. எம்.எட். வகுப்பில் அடைவுச் சோதனை (பாடத்தில் கற்றதை அளக்கும் தேர்வு) தயாரிப்பு நடத்தும்போது யாரையும் நேரே எஸ்.பி.எஸ்.எஸ். என்ற புள்ளியியல் மென்பொருளைத் திறக்க விடுவதில்லை. முதல் முறை ஒரு எக்செல் தாள், அதில் கூட்டல், கழித்தல், வகுத்தல். அவ்வளவுதான். மென்பொருள் எண்ணைக் கொடுத்துவிடும். அந்த எண் எப்படி வந்தது என்பது தெரியாமல் போய்விடும்.

இறுதியில் 40 வினா வேண்டுமென்றால் 60 எழுதிக்கொள்ளுங்கள். பாடவாரியான திட்ட வரைவில் (எந்தப் பாடத்துக்கு எத்தனை வினா என்ற அட்டவணையில்) ஒவ்வொரு கட்டத்திலும் உபரி இருக்க வேண்டும். இல்லாவிட்டால் களையெடுக்கும்போது ஒரு பாடமே காணாமல் போகும், ஏற்புடைமை (அளக்க வேண்டியதையே சோதனை அளப்பது) அங்கேயே அடிபடும்.

60 வினாவையும் மாணவர்களுக்கு நடத்தியபின் விடைகளை எக்செல் தாளில் ஏற்றுங்கள்: மாணவருக்கு ஒரு வரிசை, வினாவுக்கு ஒரு பத்தி. சரி என்றால் 1, தவறு என்றால் 0. இதோடு அ, ஆ, இ, ஈ எதைக் குறித்தார் என்பதை இன்னொரு தாளில் அப்படியே ஏற்றி வையுங்கள். பலர் சோம்பிவிட்டுப் பின்னால் தவிப்பது இந்தத் தாளுக்காகத்தான். முதல் தாளில் விடையளிக்காத இடத்தை வெற்றாக விடாமல் 0 போடுங்கள். எக்செல் சராசரி எடுக்கும்போது வெற்றுக் கட்டத்தைக் கணக்கில் சேர்க்காது, அதனால் கடினமான வினாவும் எளிதாகத் தெரியும்.

370 விடைத்தாள் கிடைத்தால் கணக்கு சுலபம். அதில் 27 விழுக்காடு ஏறக்குறைய 100. மொத்த மதிப்பெண் வரிசையில் மேலே 100 (மேல்குழு), கீழே 100 (கீழ்க்குழு) தாள்களை எடுங்கள். இந்த 27ஐ 1939இல் உளவியல் அளவீட்டு அறிஞர் கெல்லி கணக்கிட்டுக் காட்டினார். குழுவைச் சிறிதாக்கினால் இரண்டுக்கும் இடைவெளி கூடும், ஆனால் ஆள் குறையும். மதிப்பெண்கள் இயல்நிலைப் பரவலில் (நடுவில் பலர், இரு ஓரங்களிலும் சிலர்) இருந்தால் இரண்டும் சமன்படும் இடம் அது. 100ஆம் தாளுக்கும் 101ஆம் தாளுக்கும் ஒரே மதிப்பெண் என்றால் குலுக்கிப் போட்டு எடுங்கள். பதிவெண் வரிசையில் எடுத்தால் ஒரே பிரிவு மாணவர்களே உள்ளே வந்துவிடலாம்.

ஒரு வினாவுக்கு மேல்குழுவில் 78 பேர், கீழ்க்குழுவில் 42 பேர் சரி என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி 200ஆல் வகுத்தால் கடினநிலை (சரியாக விடையளித்தோர் விகிதம்) 0.60. கழித்து 100ஆல் வகுத்தால் வேறுபடுத்தும் திறன் 0.36. பெயர் கடினநிலை என்றாலும் எண் ஏற ஏற வினா எளிது. வாய்மொழித் தேர்வில் தடுமாறும் இடம் இது. வேறுபடுத்தும் திறனுக்குக் கல்வி அளவீட்டு அறிஞர் ஈபல் சொன்ன அளவு: 0.40க்கு மேல் மிக நன்று, 0.30 முதல் 0.39 வரை வைத்துக்கொள்ளலாம், 0.20 முதல் 0.29 வரை திருத்த வேண்டும், அதற்குக் கீழே நீக்கலாம் அல்லது மாற்றி எழுதலாம். கைவசம் 40 மாணவர்தான் என்றால் 27 விழுக்காடு 11 பேர். ஒருவர் விடை மாறினாலே திறன் 0.09 நகரும். அந்த நிலையில் இந்த வெட்டு எல்லைகளை நம்பி வினாவைத் தூக்கி எறியாதீர்கள்.

திறன் எதிர்க்குறியில் வந்த வினாவைத்தான் உட்கார்ந்து படிக்க வேண்டும். இதைப் பாருங்கள்: "இயல்பு அழுத்தத்தில் நீரின் கொதிநிலை எது?" அ) 0 டிகிரி செல்சியஸ், ஆ) 100 டிகிரி செல்சியஸ், இ) 273 கெல்வின், ஈ) 373 கெல்வின். விடைக்குறிப்பில் ஆ. மேல்குழுவில் ஆ 41, ஈ 55. கீழ்க்குழுவில் ஆ 54, ஈ 12 என்று வந்தால் திறன் கழித்தல் 0.13. எண்ணை மட்டும் பார்த்தால் "மோசமான வினா, நீக்கு" என்று முடித்துவிடலாம். தெரிவுவாரியாகப் பார்த்தால்தான் ஈயும் சரியான விடை என்பதும், பாடம் நன்றாகத் தெரிந்த பிள்ளைகள் மதிப்பெண் இழந்திருக்கிறார்கள் என்பதும் தெரியும். ஈயை 300 கெல்வின் என்று மாற்றினால் வினா பிழைத்துக்கொள்ளும். ஆனால் அடுத்து நடத்தித்தான் அதன் திறனை அறிய முடியும்.

நம்பகத்தன்மைக்கு (மதிப்பெண்கள் எவ்வளவு நிலையானவை என்பதற்கு) கூடர்–ரிச்சர்ட்சன் 20ஆம் சூத்திரம், 1937இல் வந்தது. ஒவ்வொரு வினாவுக்கும் சரி விகிதத்தைத் தவறு விகிதத்தால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். 40 வினாவுக்கு அந்தக் கூட்டல் 8.4, மொத்த மதிப்பெண்ணின் பரவற்படி (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியுள்ளன என்ற அளவு) 49 என்றால்: 8.4ஐ 49ஆல் வகுத்து 1இலிருந்து கழித்து, 40/39ஆல் பெருக்கினால் 0.85. இங்கே விகிதம் 370 பேரிடமிருந்தும் வர வேண்டும். முன்பு 200 பேருக்குப் போட்ட கடினநிலையை இங்கே கொண்டுவந்து செருகுவது ஆய்வேடுகளில் அடிக்கடி காணும் பிழை. பரவற்படியையும் 369ஆல் அல்ல, 370ஆல் வகுத்து எடுங்கள்.

நேரம் போதாமல் கடைசிப் பத்து வினாக்கள் வெறுமையாகக் கிடந்தால் இந்த எண்ணை நம்ப வேண்டாம், அது பொய்யாக உயர்ந்திருக்கும். அதேபோல, வினாக்களைத் தேர்ந்தெடுத்த அதே 370 தாளிலேயே 40 வினாவுக்கு நம்பகத்தன்மை கணக்கிட்டால் அதுவும் சற்றுக் கூடுதலாகவே வரும். தேர்ந்த 40ஐ வேறொரு மாணவர் குழுவுக்குக் கொடுத்து, அங்கே வரும் எண்ணை ஆய்வேட்டில் எழுதுங்கள்.