இரண்டு மைக்ரோலிட்டர்

கடலூர் முதுநகரில் என் பெரியப்பா மரப்படகுகளுக்குக் கலப்பற்று வேலை செய்தவர். பலகைகளின் இடுக்கில் பஞ்சுத்திரியை உளியால் அடித்து இறக்கி, மேலே குங்கிலியம் பூசுவார். இடுக்கு இருந்தால் நிரப்பு; எனக்குத் தெரிந்த ஒட்டுவேலை அவ்வளவுதான். அந்த அறிவோடுதான் புதுச்சேரிக்கு வெளியே ஒரு சிறிய ஒளியியல் பட்டறையில் சேர்ந்தேன்.

அங்கே பனங்கற்கண்டு நிறத்தில் கண்ணாடிச் செராமிக் துண்டுகள் இருந்தன. ஜெர்மனியின் ஷாட் நிறுவனம் 1968-இல் உருவாக்கிய ஜெரோடூர் இந்த இனம். சூடேறும்போது உள்ளிருக்கும் நுண்படிகங்கள் சுருங்கும், சுற்றியுள்ள கண்ணாடி விரியும். ஒன்றை ஒன்று ஈடுகட்டுவதால் துண்டின் அளவு மாறுவதே இல்லை எனலாம். சூடான சாம்பாரை ஊற்றியதும் விரிசல் விடும் கண்ணாடிக் கிண்ணத்துக்கு நேர் எதிர். தொலைநோக்கி ஆடிகளுக்கு இதை விரும்புவது இதனால்தான்.

ஒரே குறை, கனம். வாடிக்கையாளர் கேட்ட மாதிரித் துண்டு 300 மி.மீ. சதுரம், 50 மி.மீ. உயரம். முழுக் கட்டியாக இருந்தால் 11 கிலோவுக்கு மேல். மேலும் கீழும் 6 மி.மீ. தகடு, நடுவே 24 விலாத் துண்டுகள் என்று கட்டினால் 4 கிலோவுக்குள் அடங்கிவிடும். உருக்கி இணைக்கலாமே என்று முதல் வாரமே கேட்டேன். 600 டிகிரியைத் தாண்டினால் அந்தப் படிகக் கணக்கே குலைந்துவிடும் என்றார்கள். பிசின் காலப்போக்கில் நெகிழும், வெற்றிடத்தில் ஆவியும் விடும்.

மிஞ்சியது நீர்க்கண்ணாடி எனப்படும் சோடியம் சிலிகேட் கரைசல். 1 பங்குக்கு 6 பங்கு தூய நீர். அதிலுள்ள காரம் இரண்டு பரப்புகளையும் இலேசாக அரிக்கும். கரைந்த சிலிக்கேட் சங்கிலியாகக் கோத்துக்கொண்டு இரண்டையும் பிணைக்கும். லிசா பாத்ஃபைண்டர் விண்கலம் 2015-இல் ஏந்திச் சென்ற ஜெரோடூர் பலகையில் ஒளிக்கருவிகளை நிறுத்தியதும் இந்த முறைதான். ஆனால் இது இடுக்கை நிரப்பாது. பரப்புகள் 60 நானோமீட்டருக்குள் சமமாக இருந்தால்தான் பிடிக்கும். தலைமயிரின் தடிமனில் ஆயிரத்தில் ஒரு பங்கு அது. பெரியப்பாவின் தொழிலைத் தலைகீழாகப் பிடித்தது போலிருந்தது.

எனக்குக் கற்றுக்கொடுத்த அக்கா இருபது ஆண்டுகளாக லென்ஸ் மெருகேற்றியவர். சீரியம் ஆக்சைடு குழம்பால் ஒரு தேய்ப்பு, சமையல் சோடாவால் ஒரு தேய்ப்பு, பிறகு தூய நீர். நீர் முத்து முத்தாகத் திரண்டால் அழுக்கு இருக்கிறது. முகம் முழுக்கப் படலமாகப் படிந்தால் சுத்தம். கடைசியில் மெத்தனால் நனைத்த தாள். “துடைக்காதீர்கள் தம்பி, ஒரே இழுப்பாக இழுங்கள்” என்பார். ஒரு விலாவுக்கு அரை நாள் ஆகும். ஒட்டுவதற்கு அரை நிமிடம்.

சதுர சென்டிமீட்டருக்கு 0.4 மைக்ரோலிட்டர் என்பது கணக்கு, 100 மி.மீ. நீளம், 5 மி.மீ. அகலமுள்ள விலா விளிம்புக்கு 2 மைக்ரோலிட்டர். கண்மருந்துச் சொட்டில் இருபத்தைந்தில் ஒரு பங்கு! ஏழாவது விலாவில் எனக்கு மனம் கேட்கவில்லை. அக்கா சாப்பிடப் போயிருந்தார். இரு மடங்கு விட்டேன்.

விலா மிதந்தது. அதை இடத்தில் நிறுத்தும் ஜிக் சட்டத்தின் முனையை விட்டு நழுவிக் கோணலாக நின்றுவிட்டது. நான் கவனித்தது மறுநாள் காலையில். சோடியம் விளக்கின் கீழே அடித்தகட்டின் வழியாகப் பார்த்தால், ஒட்டில் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிவரியாகக் கோடுகள்; இடைவெளி சமமில்லை என்பதற்கு அடையாளம். நடுவில் ஒரு தூசியைச் சுற்றி வளையங்கள். முதல் சில நிமிடங்களிலேயே தெரிந்திருந்தால் பிரித்துக் கழுவியிருக்கலாம். அக்கா ஒன்றும் சொல்லவில்லை. தகட்டைத் துணியில் சுற்றி என் கையில் கொடுத்துவிட்டு, புதிய தகட்டை எடுத்துத் தேய்க்கத் தொடங்கினார். திட்டியிருக்கலாம்.

இரண்டாவது மாதிரியில் 24 விலாக்களும் நின்றன. அவற்றின் மேல்முகத்தை ஒன்றாகத் தேய்த்துச் சமப்படுத்தி, மேல்தகட்டை வைத்தோம். முழு வலிமை வர நான்கு வாரம். வாடிக்கையாளர் பத்தாம் நாளே அனுப்பச் சொல்லி அன்றாடம் தொலைபேசியில் கூப்பிட்டார். ஐப்பசி மழை, அறையின் ஈரப்பதத்தைப் பிடித்து வைப்பதே பெரும்பாடாக இருந்த நேரத்தில் இது வேறு.

கெட்டுப்போன தகட்டைப் பெரியப்பாவிடம் காட்டினேன். நேராக நிற்கும் விலா ஒன்றின் அடியில் கட்டைவிரல் நகத்தை ஓட்டினார், எங்கும் தட்டவில்லை. இன்னொரு முறை ஓட்டினார்.

“சரி, உப்புத்தண்ணீரில் போட்டால் எத்தனை நாள் தாங்கும்?” என்றார்.