மஞ்சள் விளக்கு: மே 2025

மே 3, சனி

காருக்கு நாலு அலாய் ரிம்மும் மாட்டியாகிவிட்டது. எர்ணாவூர் பள்ளத்தில் விழுந்து விரிசல் விட்ட ரிம்முக்குப் பதிலாகக் கம்பெனி ரிம் ஒன்று கேட்டேன். அவர்கள் சொன்ன விலையோடு இன்னும் கொஞ்சம் போட்டால் வெளியில் நாலு வாங்கிவிடலாம். அதே அளவு, அதே டயர். காற்றழுத்த சென்சார்களையும் பழைய ரிம்மிலிருந்து கழற்றி இதில் போட்டுவிட்டதாகச் சொன்னார்கள். நைனா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். "நட்டு டைட்டா இருக்குதா பாத்தியா?" அவ்வளவுதான் கேட்டார்.

மே 4, ஞாயிறு

கத்திரி தொடங்கிவிட்டது.

ஸ்டார்ட் செய்தால் டேஷ்போர்டில் அந்த மஞ்சள் விளக்கு, லாட வடிவத்துக்குள் ஆச்சரியக்குறி போட்டது, ஒரு நிமிடத்துக்கு மேல் விட்டு விட்டு எரிகிறது. அப்புறம் நின்று எரிகிறது. திரையில் மூன்று சக்கரத்துக்கு எண் இருக்கிறது. இடது முன்னுக்கு வெறும் கோடு. கேஜ் வைத்துப் பார்த்தேன், நாலிலும் 33 பிஎஸ்ஐ. காற்று சரியாகத்தான் இருக்கிறது. அப்படியானால் என்ன?

மே 5, திங்கள்

கையேட்டை எடுத்துப் படித்தேன். எடுத்தவுடனே நின்று எரிந்தால் ஏதோ ஒரு டயரில் காற்று குறைவு என்று அர்த்தம். முதலில் சிமிட்டிவிட்டு அப்புறம் நின்று எரிந்தால் அமைப்பிலேயே கோளாறு, ஏதோ ஒரு சென்சாரின் குரல் வண்டிக்குக் கேட்கவில்லை. இது இரண்டாவது வகை.

வண்டி நின்றுகொண்டிருக்கும்போது சென்சார் தூங்கும், பேட்டரியை மிச்சம் பிடிக்க. சக்கரம் நல்ல வேகத்தில் சுழன்றால்தான் விழிக்கும். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் நான் எங்கே அந்த வேகத்தைத் தொட்டேன்? நாளை விடிகாலையில் நைனாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகும்போது ரோடு காலியாக இருக்கும். பார்க்கலாம்.

நைனாவுக்கு எடை இரண்டு கிலோ கூட. ராத்திரி தண்ணீர் கேட்டார். அம்மா டம்ளரில் பாதிதான் கொடுத்தாள்.

மே 6, செவ்வாய்

நாலரைக்குக் கிளம்பினோம். டோல்கேட்டிலிருந்து நல்ல வேகம். விளக்கு போகவில்லை. மற்ற மூன்றும் எண் காட்டின, இடது முன் விழிக்கவே இல்லை. நைனா முன் சீட்டில், ஊசி போடும் கையை மடியில் வைத்துக்கொண்டு அந்த விளக்கையே பார்த்தபடி வந்தார். ரோட்டோரம் கண்டெய்னர் வண்டிகள் வரிசையாக நின்றன. "அதெல்லாம் ஒரு லைட்டும் இல்லாம ஓடிச்சிடா" என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா எரியறப்ப இன்னான்னு பாத்துடணும்" என்றார்.

உள்ளே அனுப்பிவிட்டு நாலு மணி நேரம் காரில் இருந்தேன். ஏசி போடவில்லை.

மே 7, புதன்

பக்கத்து வீட்டு அண்ணன் கறுப்பு டேப் ஒட்டி மறைத்துவிடச் சொல்கிறார். அவர் வண்டியில் அப்படித்தானாம்.

எனக்கு மனசு ஒப்பவில்லை. ஒரு சென்சார் பேசாமல் இருந்தால் அந்தச் சக்கரத்தில் நிஜமாகவே காற்று இறங்கும்போது சொல்ல ஆள் இல்லை. மற்ற மூன்றில் ஏதாவது இறங்கினாலும் ஏற்கெனவே எரிகிற விளக்கு புதிதாக எதைச் சொல்லும்? காற்று குறைந்த டயர் ஓடும்போது பக்கவாட்டில் மடங்கி மடங்கிச் சூடேறும். இந்த வெயிலில் தார் ரோடே கொதிக்கிறது. அந்தச் சூட்டில்தான் வெடிக்கும். அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் டயர்கள் உரிந்து ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர்கள் உருண்டு ஆட்கள் செத்த பிறகுதான் 2000-ல் இதற்குச் சட்டமே போட்டார்கள். ஐரோப்பாவில் 2014 நவம்பரிலிருந்து புதுக் கார் எல்லாவற்றிலும் இது இருந்தாக வேண்டும். உயிர் போன பிறகு வந்த விளக்கு இது. இதை டேப் போட்டு மூட மாட்டேன். வாரத்தில் இரண்டு விடிகாலை, நைனாவை வைத்துக்கொண்டு, மாட்டவே மாட்டேன்.

மே 8, வியாழன்

மூலக்கடைப் பக்கம் ஒரு மெக்கானிக். பொறுமையான மனிதர். டிவி ரிமோட்டைவிடச் சற்றுப் பெரிய ஒரு கருவியை ஒவ்வொரு வால்வுக்குப் பக்கத்திலும் பிடித்தார். 125 கிலோஹெர்ட்ஸில் தட்டினால் தூங்கும் சென்சார் எழுந்து தன் அடையாள எண்ணையும் அழுத்தத்தையும் 433 மெகாஹெர்ட்ஸில் சொல்லுமாம். மூன்று சொல்லின. வலது பின் ஊமை.

வலது பின்! திரையோ இடது முன் என்கிறது. மாட்டிய கடையில் சக்கரங்களை இடம் மாற்றி மாட்டியிருக்கிறார்கள். வண்டியோ எந்த எண் எந்த மூலை என்று பழைய கணக்கையே வைத்துக்கொண்டிருக்கிறது.

டயரைப் பிரித்தார். ரிம்முக்குள், வால்வின் அடியில், கறுப்புப் பிளாஸ்டிக் பெட்டி, தீப்பெட்டியைவிடச் சிறியது. அதன் ஒரு ஓரத்தில் முடி அளவுக்கு ஒரு விரிசல். நகத்தால் நெருடினால் உள்ளே ஊற்றியிருக்கும் பிசின் பொடியாக வந்தது. பழைய ரிம்மிலிருந்து டயரைக் கழற்றும்போது இயந்திரத்தின் தட்டு வால்வு இருக்கும் இடத்திலேயே அழுத்தியிருக்கிறது. வால்வை விட்டுத் தள்ளி எதிர்ப்பக்கம் அழுத்தியிருக்க வேண்டும் என்றார். அந்தக் கடையில் அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். விளக்கு எரிந்தால் "தானா போயிடும் சார்" என்றுதான் போனில் சொன்னார்கள்.

கோபத்தில் சாப்பாடு இறங்கவில்லை.

மே 9, வெள்ளி

கிளம்பும் முன் நைனா தன் பழைய இரும்புத் தடியைக் கேட்டார். ட்ரெய்லர் ஓட்டின காலத்துத் தடி. நாலு டயரையும் தட்டிப் பார்த்தார். டயரைக் குனிந்து தட்ட முடியவில்லை, நான் முதுகைப் பிடித்துக்கொண்டேன். "போலாம்" என்றார்.

வரும்போது தூங்கிவிட்டார். ரத்த அழுத்தம் நடுவில் இறங்கிவிட்டதாம்.

மே 10, சனி

மெக்கானிக்கின் பையன் பழைய பாகங்கள் விற்கும் இடத்திலிருந்து ஒரு சென்சார் கொண்டுவந்தான். உருவம் அச்சாக அப்படியே. ஆனால் முதுகில் 315 என்று அச்சடித்திருந்தது. அது அமெரிக்க வண்டிகளுக்கான அலைவரிசை. 433-க்குக் காது கொடுத்திருக்கும் என் வண்டிக்கு அது ஒருநாளும் கேட்காது. மெக்கானிக் பார்த்தவுடனே திருப்பி அனுப்பிவிட்டார். தவிர, பேட்டரி பிசினுக்குள் அடைபட்டிருக்கிறது, மாற்ற முடியாது. ஐந்து முதல் பத்து வருடம் வரும். பழையதில் எத்தனை வருடம் மிச்சம் என்று யார் சொல்வது?

புதியதற்குப் பணம் கட்டிவிட்டேன். நாளை சாயங்காலம்.

மே 11, ஞாயிறு

மாட்டியாகிவிட்டது. புது வால்வு, புது ரப்பர் வளையம், புது நட்டு. நட்டை அளவு ரெஞ்சு வைத்துத்தான் முறுக்கினார். கையால் இறுக்கினால் அலுமினியம் உடைந்துவிடுமாம். திரும்ப வீல் பேலன்சிங். அப்புறம் ஸ்டீயரிங்கின் கீழே இருக்கும் சாக்கெட்டில் ஸ்கேனரைச் செருகி, நாலு அடையாள எண்ணையும் மூலை மூலையாக எழுதினார். விளக்கு இன்னும் எரிகிறது. கொஞ்ச தூரம் ஓட்டினால் போகும் என்றார்.

மே 12, திங்கள்

சித்ரா பௌர்ணமி. மூன்று அம்மனையும் ஒரே நாளில் பார்க்க வேண்டும் என்று அம்மாவுக்கு ஆசை. காலையில் மேலூர் திருவுடையம்மன், உச்சிக்கு நம் வடிவுடையம்மன், சாயங்காலம் முல்லைவாயல் கொடியிடையம்மன். நைனாவும் வருகிறேன் என்றார். மறுக்க முடியவில்லை.

மணலி புதுநகர் தாண்டி ரோடு கொஞ்சம் திறந்தது. வேகம் நாற்பதைத் தொட்டு அப்படியே போய்க்கொண்டிருந்தேன். திடீரென்று கோடு மறைந்து 34 என்று எண் வந்தது. விளக்கு அணைந்தது. நான் சத்தம் போட்டதில் பின் சீட்டில் அம்மா பயந்துபோய் "இன்னாடா, இன்னா ஆச்சு?" என்று கேட்டாள். நாலு எண், நாலு மூலை. நைனா திரையில் விரலை வைத்து ஒவ்வொன்றாக வாய்விட்டுப் படித்தார்.

மேலூரில் கூட்டம் தாங்கவில்லை. நைனாவுக்கு மட்டும் உள்ளே வழி விட்டார்கள். வெயிலில் வெளியே நின்றேன், காலில் செருப்பில்லை, ஆனாலும் இவ்வளவு லேசாக இருந்து நாளாகிறது.

முல்லைவாயல் போய் வீடு வர ராத்திரி பத்து.

மே 13, செவ்வாய்

விடிகாலை நாலும் 33. மதியம் திரும்பும்போது 36, 37, 37, 36. சூட்டுக்கு ஏறுகிறது. ஐந்தாறு டிகிரிக்கு ஒரு பிஎஸ்ஐ என்பது கணக்கு. பங்க்கில் பையன் "ஜாஸ்தியா இருக்குது சார், எறக்கிடவா?" என்று கேட்டான். வேண்டாம் என்றேன். சூட்டில் இறக்கினால் விடிகாலையில் குறைவாக நிற்கும். கதவோரத்து ஸ்டிக்கரில் போட்டிருக்கும் எண் வண்டி ஓடாமல் குளிர்ந்திருக்கும்போது பார்க்க வேண்டிய எண்.

நைனாவின் எடை சரியாக இருக்கிறது.

மே 14, புதன்

இடது பின் 31. மற்றதெல்லாம் 33.

மே 15, வியாழன்

இடது பின் 29.

பஞ்சர் கடையில் தொட்டியில் சுற்றிப் பார்த்தார், ஆணி இல்லை. 33-க்கு ஏற்றிக்கொண்டு வந்தேன். ராத்திரி படுக்கும் முன் இறங்கிப் போய் ஒருமுறை பார்த்தேன். 32. தூக்கம் வரவில்லை. அம்மாவும் தூங்கவில்லை, அடுத்த அறையில் நைனாவின் கால் வீக்கத்தைத் தடவிக்கொண்டிருந்தாள்.

மே 16, வெள்ளி

போகும்போது 30. அவர் உள்ளே இருந்த நேரத்தில் இன்னும் இறங்கியிருக்கிறது. வீட்டுக்குக் கிளம்பினால் விளக்கு எரிந்தது, சிமிட்டாமல், எடுத்தவுடனே நின்று. இடது பின் 25. இப்போது அது சொன்னது நிஜம்.

ஓரங்கட்டினேன். சோர்வோடு இறங்கின நைனா தடியைக் கேட்டார், டிக்கியில்தான் இருந்தது. நாலையும் தட்டினார். திரும்ப இடது பின்னைத் தட்டினார். பக்கத்தில் இருந்த முன் டயரைத் தட்டினார். "சத்தம் ஒண்ணாத்தான்டா இருக்குது" என்றார். லாரி டயரில் நூறுக்கு மேல் காற்று இருக்கும், அதில் செத்த டயர் தனியாகத் தெரியும். கார் டயரில் எட்டு பிஎஸ்ஐ குறைந்ததைத் தடி எப்படிச் சொல்லும்? இதைச் சொன்னேன். அவர் தலையை ஆட்டினார். ஆனால் வழியெல்லாம் பேசவில்லை. காது போய்விட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. பெரும் பாரமாக இருந்தது.

மே 17, சனி

மூலக்கடை. மெக்கானிக் டயர் பக்கமே போகவில்லை. சோப்புத் தண்ணீரை நேரே வால்வின் அடியில் ஊற்றினார். ரிம்மில் வால்வு நுழையும் துளையைச் சுற்றிச் சின்னச் சின்னக் குமிழி, ஒன்று உடைய அடுத்தது. சென்சாரைப் பழைய ரிம்மிலிருந்து எடுத்து இதில் போட்டபோது அதே பழைய ரப்பர் வளையத்தையே வைத்திருக்கிறார்கள். பழைய துளையின் வடிவத்துக்கு அமுங்கிப்போன ரப்பர் புதுத் துளையில் எப்படி அடைக்கும்? டயரைப் பிரிக்கும்போதெல்லாம் வளையம், நட்டு, வால்வுக்குள் திருகும் பின், மூடி நாலும் புதிதாகப் போட வேண்டும். சில நூறு ரூபாய் சமாச்சாரம்.

இன்னொன்றும் காட்டினார். அதே வால்வில் யாரோ பித்தளைப் பின்னைப் போட்டிருந்தார்கள். அலுமினியத் தண்டு, பித்தளைப் பின், நடுவில் நம் காசிமேட்டு உப்புக் காற்று. வெள்ளையாகப் பூத்து இரண்டும் ஒன்றாகப் பிடித்துக்கொண்டிருந்தன. திருகினால் தண்டே உடைந்துவிடும் என்றார். நிக்கல் பூசிய பின்னைத்தான் போட வேண்டும், மூடியும் பிளாஸ்டிக்தான். கடலோரம் இருக்கிற எல்லோருக்கும் இதைச் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

மூன்று பழைய சென்சாருக்கும் வளையம், பின், மூடி எல்லாம் மாற்றச் சொல்லிவிட்டேன்.

மே 18, ஞாயிறு

33, 33, 33, 33.

மே 20, செவ்வாய்

33. நாலும்.

நைனா தடியை டிக்கியிலிருந்து எடுத்துக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டார். நான் எடுத்துத் திரும்ப டிக்கியில் வைத்தேன். ஸ்டெப்னியில் சென்சார் கிடையாது, அதைத் தட்டிப் பார்க்க ஆள் வேண்டும் என்றேன். "அதுல எவ்ளோ வெக்கணும்?" என்று கேட்டார். ஸ்டிக்கரைப் படித்துச் சொன்னேன்.

மே 22, வியாழன்

மூச்சு வாங்குகிறது அவருக்கு. படுக்க முடியவில்லை, உட்கார்ந்தே இருக்கிறார். நாளை வரை பொறுக்க வேண்டாம் என்று போனில் சொல்லிவிட்டார்கள். அம்மா பையில் ஃபைல், போர்வை, டம்ளர் எடுத்து வைக்கிறாள். மணி ஒன்றே கால். கீழே போய் ஏசியைப் போட்டு வைக்கிறேன்.