சக்கரம் இல்லாத ஊர்தி

டோக்கியோவின் ரியோகோகு பகுதியிலுள்ள எடோ-டோக்கியோ அருங்காட்சியகத்தில், உயர்குடிப் பெண்கள் ஏறிச் சென்ற ‘நோரிமோனோ’ என்னும் மூடுபல்லக்கின் முன்னால்தான் நான் அதிக நேரம் நின்றிருந்தேன். சக்கரமும் இல்லை, இழுக்க மாடும் இல்லை. மேலே நீண்டு செல்லும் ஒற்றைத் தண்டும் அதில் தொங்கும் சிற்றறையும் மட்டுமே.

தொலைவிலிருந்து பார்க்கையில் பொற்றகடு போர்த்தியது போலத் தோன்றும். கண்ணாடியை ஒட்டிக் குனிந்தால்தான் அது அத்தனையும் துகள் என்று தெரிகிறது. ஈரம் இறுகாத அரக்கால் கோடு வரைந்து, சிறு குழலைத் தட்டித் தட்டிப் பொன்தூளைத் தூவி, மேலும் அரக்குப் பூசி, கரித்துண்டால் தேய்த்து மெருகேற்றும் இந்தக் கலைக்கு ‘மாகி-எ’, அதாவது தூவிய ஓவியம், என்று பெயர். அன்று ஜப்பானை ஆண்ட தோகுகவா குலத்தின் மூவிலைச் சின்னத்தில் இலை நரம்புகள்கூட மயிரிழைக் கோடுகளாகத் தெரிந்தன.

அரக்கு என்று எழுதிவிட்டேனே தவிர, சொல் முழுதாகப் பொருந்தவில்லை. நாம் அரக்கு என்பது பூச்சி சுரக்கும் பிசின். ஜப்பானியரின் ‘உருஷி’யோ மரத்தைக் கீறி வடிக்கும் பால். பச்சையாகத் தோலில் பட்டால் தடித்து அரிக்கும். பத்தாண்டுக்கு மேல் வளர்ந்த ஒரு மரம் ஒரு பருவத்தில் தருவது ஏறத்தாழ 200 மில்லிலிட்டர்தான். அதன்பின் மரத்தையே வெட்டிவிடுவது வழக்கம். இந்தப் பூச்சு வறண்ட காற்றில் சரியாக இறுகாது. ஈரப்பதமுள்ள அறையில் வைத்தால்தான் கெட்டிப்படும் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இவ்வளவு பாடுபட்டுச் செய்த ஊர்தி எத்தனை முறை வீதிக்கு வந்திருக்கும்? 1635இல் ஷோகுன் என்னும் படைத்தலைவரின் ஆட்சி வகுத்த முறைப்படி, சிற்றரசர்கள் தங்கள் நாட்டுக்கும் இன்றைய டோக்கியோவான எடோவுக்கும் மாறி மாறிப் பயணம் செய்ய, அவர்களுடைய மனைவியர் எடோவிலேயே பிணைபோலத் தங்க வேண்டியிருந்தது. பொன் இழைத்த பல்லக்கின் பெரும்பயணம் பெரும்பாலும் மணமகளின் ஊர்வலம்தான்.

பார்வையாளர்கள் ஏறி உட்காருவதற்கென்று அங்கே ஒரு மாதிரிப் பல்லக்கும் இருந்தது. முழங்காலை மடக்கி, தலையைத் தாழ்த்தி, உடம்பைச் சுருக்கிக்கொண்டுதான் உள்ளே போக முடிந்தது. வெளிப்புற வேலைப்பாடு எதுவும் அமர்ந்திருப்பவர் கண்ணில் படாது. பெண்களின் பல்லக்குகளில் உட்சுவர்களிலும் பொன் பின்னணியில் வண்ண ஓவியம் தீட்டுவார்கள் என்பது அப்போது நினைவுக்கு வந்தது. இறங்கியதும் அசல் பல்லக்கிடமே திரும்பிப் போனேன். இம்முறை கதவுப் பக்கமாக.